வெட்டிப் போட்ட நாலு வரி

இருநூற்றுப் பத்தாவது பிரதியை மடித்து அழுத்தும்போதுதான் குவேக்குவின் கட்டைவிரல் அந்தச் சொல்லின் மேல் போய் நின்றது. பெயர் தெரியாதவர்.

கையை எடுத்துவிட்டு இன்னொரு முறை பார்த்தான். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டும் பார்த்தான். அச்சடித்தது அவனே, அது எப்படி மாறிவிடும்?

நாளை காலை அவனுடைய அக்கா அராபாவுக்கு அடக்கம். கடலோர ஊரான கேப் கோஸ்ட்டின் வட்டார நூலகத்தில், கேள்வி மேசையில் முப்பத்தொரு வருடம் உட்கார்ந்திருந்தவள். அவளுடைய நினைவுப் புத்தகம், அறுநூறு பிரதி, அவனுடைய அச்சகத்து மேசையில் மை காய்ந்து கிடந்தது. மற்ற பக்கங்களையெல்லாம் நான்கு முறை படித்துப் பிழை பார்த்திருந்தான். கடைசிப் பக்கத்தை மட்டும் பார்க்கவில்லை. இருபத்திரண்டு வருடமாக அந்தப் பக்கத்தைப் படிக்க வேண்டிய தேவையே அவனுக்கு இருந்ததில்லை. இறந்தவரின் படம் மாறும், அதன் கீழே இருக்கும் கவிதை மாறாது.

விளக்கை அணைத்தேன், சன்னலைச் சாத்தினேன்,
என்னைத் தேடி யாரும் அழவேண்டாம்.
எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது.
நான் போகிறேன், கடல் என்னைக் கூப்பிடுகிறது.

மீனவனானாலும் நீதிபதியானாலும் அந்த ஊரில் இந்த நான்கு வரி இல்லாமல் யாரும் மண்ணுக்குள் போனதில்லை. கீழே ஒரு சின்னக் கோடு, கோட்டுக்குப் பக்கத்தில் பெயர் தெரியாதவர். அந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டுதான் அக்காவும் தம்பியும் இருபது வருடம் விடாக்கண்டன் கொடாக்கண்டனாக நின்றார்கள்.

எந்தச் சாவுக்குப் போனாலும் அராபா நினைவுப் புத்தகத்தை வாங்கி நேரே கடைசிப் பக்கத்தைப் புரட்டுவாள். பிறகு பந்தலின் அந்தக் கோடியில் இருக்கும் தம்பியை ஒரு பார்வை பார்ப்பாள்.

"ஏண்டா, உன் அச்சகத்துல பொறக்கற கவிதைக்கெல்லாம் அப்பன் ஆத்தா பேரே கிடையாதா?"

"செத்தவங்க யாரும் எந்திரிச்சு வந்து கேக்கல. உனக்கு என்ன நோவுது?"

"மேசைக்கு வந்து கேளு, தேடித் தர்றேன். ஊர்ல எல்லாரும் வர்றாங்கல்ல?"

"உன் மேசைக்கு வந்து நான் வரிசைல நிக்கணுமாக்கும்!"

அவன் கடைசிவரை போகவில்லை. அவளும் தானாக வந்து சொல்லவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் கிடையாது என்பது அவள் வைத்திருந்த சட்டம். தெரிந்த விஷயமாக இருந்தாலும் வாயால் சொல்லமாட்டாள் என்பது இன்னொன்று. நாட்டின் தலைநகரம் எது என்று கேட்டால்கூட எழுந்துபோய்ப் புத்தகத்தை எடுத்துவந்து, பக்கத்தைத் திறந்து, விரலை வைத்துக் காட்டினால்தான் அவளுக்கு ஆறும். ஆஸ்பத்திரியில் கடைசி நாள் மத்தியானம் நர்ஸ் வந்து, "எப்படிம்மா இருக்கீங்க?" என்று கேட்டபோது, "பாத்துச் சொல்றேன்" என்றாள். நர்ஸ் சிரித்துவிட்டாள். குவேக்குவுக்கும் சிரிப்பு வந்தது. பிறகு அக்கா அவன் பக்கம் தலையைத் திருப்பினாள்.

"குவேக்கு, என் புத்தகத்துல அந்த ரெண்டு வார்த்தையப் போட்ட, எந்திரிச்சு வந்துருவேன்."

"அந்தப் பேச்சு இப்ப எதுக்கு? முதல்ல வீட்டுக்கு வா."

அவள் வரவில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு, சன்னலுக்கு வெளியே யாரோ வேர்க்கடலை விற்றுக்கொண்டு போகும்போது போய்விட்டாள். ஆறு வாரம் ஆகிறது; சொந்தபந்தம் எல்லாம் கூடும்வரை உடலைக் குளிர் அறையில் வைத்திருப்பது அந்த ஊர் வழக்கம்.

கவிதையே இல்லாமல் அச்சடித்துவிடலாமா என்று அவன் யோசிக்காமல் இல்லை. குடும்பத் தலைவரான ஃபீஃபி மாமா ஒப்பவில்லை. "உங்க அம்மாவுக்குப் போட்டோம், உங்க சித்திக்குப் போட்டோம். அவளுக்கு மட்டும் இல்லன்னா ஊரு என்னடா பேசும்? பிள்ளைகுட்டி இல்லாதவன்னு குறைச்சுட்டோம்னு சொல்லாது?" சரி, கவிதையை வைத்துக் கீழே இருப்பதை மட்டும் எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தான். ஆனால் பழகிய கை பழைய பக்கத்தை அப்படியே இழுத்துப் போட்டுவிட்டது.

இப்போது காலை மணி பத்து. குவேக்கு ஒரு பிரதியைச் சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டு நூலகத்தை நோக்கி நடந்தான். ஐம்பது வயதில், முதல்முறையாக.

கேள்வி மேசையில் மான்சா இருந்தாள். அராபாவிடம் பதினோரு வருடம் வேலை கற்றவள். கறுப்புத் துணி கட்டியிருந்தாள். மேசைக்கு முன்னால் யாரும் இல்லை. அந்தப் பக்கம் பரீட்சைக்குப் படிக்கிற மாணவர்கள் தலையைக் கவிழ்த்துக்கொண்டு இருந்தார்கள்.

"அண்ணே! நாளைக்கு வேலையை வச்சுக்கிட்டு இங்க என்ன பண்றீங்க?"

அவன் நினைவுப் புத்தகத்தை விரித்து மேசைமேல் வைத்தான். அக்காவின் படம் அவனைப் பார்த்தது. நூலக அடையாள அட்டையில் இருந்த சின்னப் படம். வேறு நல்ல படம் அவளுக்கு இல்லை.

"இத யாரு எழுதினதுன்னு தெரியணும். இன்னைக்கே."

மான்சா மேசையின் கீழ் இழுப்பறையிலிருந்து ஒரு தகரப் பெட்டியை எடுத்தாள். மூடியில் அக்காவின் கையெழுத்தில் 'விடை கிடைக்காதவை' என்று எழுதியிருந்தது. திறந்தால் உள்ளே ஒரே ஒரு சீட்டு.

"மத்தது எல்லாத்தையும் அக்கா தேடித் தீத்துட்டாங்க. இது ஒண்ணுதான் பாக்கி. உங்களுது."

"என்னுதா? நான் எங்க கேட்டேன்?"

சீட்டு பழுத்துப் பழுப்பேறியிருந்தது. கேள்வி: 'விளக்கை அணைத்தேன்' என்று தொடங்கும் கவிதையை எழுதியவர் யார்? கேட்டவர்: குவேக்கு எசெல், அச்சகம். அதன் கீழே பொடி எழுத்தில், தான் கேட்பது அவனுக்கு இன்னும் தெரியாது.

பின்பக்கம் முழுக்கப் புத்தகப் பெயர்கள். மேற்கோள் அகராதிகள், கவிதைத் தொகுப்புகள், எழுத்தாளர் அகராதிகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு தேதி, ஒரு 'இல்லை'. பதினான்கு வருடத்தில் முப்பத்தாறு 'இல்லை'. கடைசி இல்லையின் எழுத்து நடுங்கியிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின வாரத்துத் தேதி.

குவேக்கு சீட்டைக் கையில் வைத்தபடியே உட்கார்ந்துவிட்டான். இத்தனை வருடம் அவள் தன்னை மட்டம் தட்டுவதற்காகத்தான் அதைப் பேசுகிறாள் என்று நினைத்திருந்தான். அவளோ அவனுக்காக உட்கார்ந்து தேடியிருக்கிறாள். தெரிந்திருந்தால் அன்றைக்கே வரிசையில் நின்றிருப்பான். நின்றிருப்பானா? வீம்பு பிடித்தவன், நின்றிருக்கமாட்டான். அதுவும் அவனுக்குத் தெரிந்தது.

"கம்ப்யூட்டர்ல பாக்கலாம்ல?"

"பாத்தோம்ணே. தேடினா உங்க அச்சகத்துப் புத்தகம்தான் வரிசையா வருது. எல்லாத்துலயும் பெயர் தெரியாதவர்."

அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். மான்சா ஒரு புதுச் சீட்டை எடுத்து, பேனாவைத் திறந்தாள்.

"சரி, அக்கா பழக்கின மாதிரியே ஆரம்பிப்போம். கேள்வி கேக்க வந்தவங்ககிட்ட மூணு விஷயம் கேக்காம எந்தப் புத்தகத்தையும் தொடக் கூடாது. இந்தச் சீட்டுக்கு அக்காவால அத மட்டும் கேக்க முடியல. ஆளு வரலையே. ஒண்ணு, இத முதமுதல்ல எங்க பாத்தீங்க?"

"அச்சகத்துலதான். ஒரு டீச்சரம்மா செத்துப்போச்சு. அவங்க மக கையால எழுதிக் கொண்டாந்துச்சு. அந்தக் காலத்துல ஈய எழுத்து. ஒவ்வொரு எழுத்தா நானே பொறுக்கிக் கோத்தேன்."

"ரெண்டு, எழுதினது யாருன்னு அவங்க சொன்னாங்களா?"

"கேட்டேன். அம்மாவோட நோட்டுல இருந்துச்சு, யாருன்னு தெரியலன்னுச்சு. அதான் அப்படிப் போட்டேன்."

"மூணு, நீங்க பாத்தப்ப இது முழுசா இருந்துச்சா, துண்டா?"

"முழு..." என்று ஆரம்பித்தவன் வாயை மூடிக்கொண்டான்.

மேசைமேல் கிடந்த நான்கு வரியைப் பார்த்தான். டீச்சரம்மாவின் படம் நினைவுக்கு வந்தது. பெரிய சட்டம் போட்ட படம். மகள் அதைச் சின்னதாக்கக் கூடாது என்று ஒற்றைக் காலில் நின்றாள். பக்கத்தில் இடம் போதவில்லை. கவிதை எட்டு வரி. எட்டையும் கோத்து முடித்த பிறகு மேலே இருந்த நான்கு வரியை இடுக்கியால் உருவி எழுத்துப் பெட்டியில் கொட்டினான். அதில் மணியும் சிலேட்டும்தான் இருந்தது, சாவுக்குப் பொருத்தமாக ஒன்றும் இல்லை என்று நினைத்தான்.

"மான்சா," என்றான். "நான் வெட்டினேன். மேல நாலு வரி இருந்துச்சு. நான்தான் வெட்டிட்டேன்."

"அண்ணே!" மான்சா எழுந்தே விட்டாள். "அப்ப விளக்கை அணைத்தேன்ங்கறது முதல் வரி இல்லையா?"

"அஞ்சாவது."

"அய்யோ அண்ணே, அக்கா பதினாலு வருஷமா அஞ்சாவது வரிய முதல் வரின்னு நெனச்சுத் தேடியிருக்காங்க! முதல் வரி நெனவிருக்கா?"

கண்ணை மூடிக்கொண்டான். மனசில் ஒன்றும் வரவில்லை. வலது கை மட்டும் மேசையில் ஊர்ந்து, இல்லாத எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, இல்லாத கம்பியில் கோத்தது. கையால் கோத்த எழுத்து கைக்குள்தான் இருந்தது.

"மணி அடித்தாயிற்று பிள்ளைகளே, பலகையைத் துடையுங்கள்..."

மான்சா அலமாரிக்கு ஓடினாள். நூலகத்தில் யாரும் ஓடக் கூடாது, அதுவும் அக்காவின் சட்டம்தான். சிவப்பு அட்டை போட்ட முதல் அடி அகராதியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தாள். ஒரு கவிதையின் முதல் அடியைச் சொன்னால் போதும், எழுதியது யார், எந்தத் தொகுப்பில் இருக்கிறது என்று காட்டிவிடுகிற புத்தகம். முதல் அடி தெரியாதவனுக்கு அது வெறும் தலையணை. அக்கா அதை ஒன்பது முறை புரட்டியதாகச் சீட்டில் இருந்தது.

மான்சாவின் விரல் பத்தியில் இறங்கியது. மணல், மணலில், மணி... நின்றது.

"இருக்கு."

இரண்டு பேரும் குனிந்தார்கள். மணி அடித்தாயிற்று பிள்ளைகளே. அதே வரியில் ஹானா அஃபெடு, 'விடுமுறை'. கடைசியில் தொகுப்பின் எண்.

"எழுதிக்க," என்றான் குவேக்கு.

"பொறுங்கண்ணே. ரெண்டு சாட்சி இல்லாம அக்கா பதில் தரமாட்டாங்க."

பூட்டிய அலமாரியிலிருந்து அந்தத் தொகுப்பு வந்தது. ஆசிரியர்கள் எழுதிய கவிதைகள், அட்டை செல்லரித்த மெல்லிய புத்தகம். நாற்பத்தொன்றாம் பக்கத்தில் எட்டு வரியும் இருந்தது. எழுத்தாளர் அகராதியும் வந்தது. அதில் மூன்றே வரி. ஹானா அஃபெடு, சால்ட்பாண்டில் தொடக்கப்பள்ளி ஆசிரியை, அச்சில் வந்தது ஒரே கவிதை. இருபத்திரண்டு வருடமாக ஓர் ஊரே தன் வரியைச் சொல்லி ஆட்களை வழியனுப்புகிறது என்று ஹானா டீச்சருக்குத் தெரியவே தெரியாது.

மான்சா பழுத்த சீட்டை எடுத்தாள். முப்பத்தாறு இல்லைகளின் கீழே, முப்பத்தேழாவதாக, புத்தகத்தின் பெயரையும் பக்கத்தையும் எழுதினாள். அதற்குப் பக்கத்தில் 'உண்டு' என்று எழுதினாள். எழுதிவிட்டு மேசை ஓரத்தில் இருந்த பித்தளை மணியை அவன் பக்கம் தள்ளினாள்.

"நீங்களே அடிங்கண்ணே."

கடினமான கேள்வி ஒன்று தீர்ந்தால் அராபா அந்த மணியை ஒரே ஒரு முறை அடிப்பாள். பேசினால் முறைக்கிற அந்த மண்டபத்தில் அனுமதி உள்ள ஒரே சத்தம் அது. ஆறு வாரமாக அது வாய் திறக்கவில்லை. குவேக்கு உள்ளங்கையால் அடித்தான். படித்துக்கொண்டிருந்த மாணவர்கள் எல்லாரும் நிமிர்ந்தார்கள். ஒரு பெண் கை தட்டினாள். பின்னால் இருந்தவர்களும் தட்டினார்கள். குவேக்கு அங்கேயே நின்று, வெட்கமில்லாமல், சிரித்துக்கொண்டே அழுதான்.

அச்சகத்துக்குத் திரும்பியபோது தெரு முழுக்க மின்சாரம் போயிருந்தது. இயந்திரம் செத்துக் கிடந்தது. எப்போது வரும் என்று யாரிடம் கேட்க? அவன் அறுநூறு பிரதியையும் பெட்டியில் அடுக்கி டாக்சியில் ஏற்றினான். வழியில் நூலகத்தில் நிறுத்தி, இனிக் கையால்தான் எழுத வேண்டும் என்றதும், மான்சா அங்கே இருந்த பேனாக்களையெல்லாம் ஒரு பையில் போட்டுக்கொண்டு முன் சீட்டில் ஏறினாள்.

வீட்டு முற்றத்தில் பந்தல் கட்டி நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். கறுப்பும் சிவப்புமாகத் துணி கட்டிய அத்தைகளும் சித்திகளும் நாளைய கூட்டத்துக்குச் சோளமாவுக் கென்கி உருண்டை எத்தனை என்று கணக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். குவேக்கு விஷயத்தைச் சொன்னான். கவிதைக்கு மேலே நான்கு வரி எழுத வேண்டும், அக்காவின் படம் சின்னது, இடம் இருக்கிறது. கீழே இருக்கும் இரண்டு சொல்லை ஒற்றைக் கோட்டால் அடித்துவிட்டுக் கவிதை எழுதிய டீச்சரின் பெயர், தலைப்பு, பக்க எண் எல்லாம் எழுத வேண்டும். அறுநூறிலும்.

ஃபீஃபி மாமா கைத்தடியை ஊன்றினார். "ஏண்டா, சாவு வீட்டுல இம்போசிஷனா?"

"மாமா, நம்ம குடும்பத்துலயே உங்க கையெழுத்துதான் அழகுன்னு அக்கா சொல்லுவா."

"அப்படியா சொன்னா?"

"மேசைக்கு வந்தவங்ககிட்டயெல்லாம் சொல்லுவாங்க தாத்தா," என்றாள் மான்சா, முகத்தில் ஓர் அசைவும் இல்லாமல்.

மாமா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "பேனா எங்க?"

குவேக்கு உரக்க வாசித்தான். நாற்பது பேர் எழுதினார்கள்.

மணி அடித்தாயிற்று பிள்ளைகளே, பலகையைத் துடையுங்கள்,
சிலேட்டை அடுக்குங்கள், சண்டையை நாளைக்கு வையுங்கள்.
இன்றோடு பள்ளி மூடுகிறது, கைச் சுண்ணாம்பு போகட்டும்,
டீச்சருக்கும் விடுமுறை வேண்டும்.

பெரிய அத்தை எழுதுவதை நிறுத்தினாள். "அடியேய், இது லீவு விடற பாட்டுடீ! அப்ப நம்ம ஆளுங்க எல்லாரும் இத்தன வருஷமா லீவுக்கா போயிருக்காங்க?"

"எங்க வீட்டுக்காரருமா?"

"அவரு உசுரோட இருந்தப்பவே லீவுலதானே இருந்தாரு!"

பந்தலே குலுங்கியது. சிரித்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி எழுதினார்கள். யாரோ ஒரு துதிப்பாடலை எடுத்தார்கள், எழுதிக்கொண்டே பாடினார்கள். ஃபீஃபி மாமா தன் பதினெட்டாவது பிரதியை முடித்துவிட்டு, பக்கத்து ஆளின் எழுத்து கோணல் என்று அவருடையதையும் வாங்கித் திருத்தினார். "எத்தன முடிச்சீங்க?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுப் போட்டி போட்டார்கள். சூரியன் சாய்வதற்குள் அறுநூறும் முடிந்தது. அதன் பிறகுதான் மின்சாரம் வந்தது. அதை யாரும் சட்டை செய்யவில்லை.

மறுநாள் தேவாலயத்தில் நின்றுகொண்டிருந்தவர்களே இருநூறு பேர் இருக்கும். அவள் புத்தகம் தேடிக் கொடுத்துப் படித்து, வக்கீலாகவும் வாத்தியாராகவும் ஆனவர்கள் வந்திருந்தார்கள். பாதிரியார் கடைசிப் பக்கத்துக்கு வந்தார். வழக்கமாக அவர் அந்தக் கவிதையைப் பார்க்காமலே சொல்லிவிடுவார். அன்றைக்கு வாயைத் திறந்து, நிறுத்தி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். கையால் எழுதிய நான்கு வரியிலிருந்து தொடங்கினார். டீச்சருக்கும் விடுமுறை வேண்டும் என்ற இடத்தில் கூட்டத்தில் ஒரு சிரிப்பு எழுந்து பின்வரிசைவரை ஓடியது. கடல் என்னைக் கூப்பிடுகிறது என்று முடித்தபோது யாரும் இருமக்கூட இல்லை.

பாதிரியார் அதோடு விடவில்லை. எழுதியிருந்ததை எழுதியிருந்தபடியே வாசித்தார்.

"ஹானா அஃபெடு. 'விடுமுறை'. பக்கம் நாற்பத்தொன்று."

குவேக்கு பெட்டிக்குள் படுத்திருந்த அக்காவைப் பார்த்தான். அவள் எந்திரிச்சு வரவில்லை. அவனுக்குப் பெருமையில் நெஞ்சு வெடித்துவிடும் போல இருந்தது.

திங்கட்கிழமை காலை பேனாக்களைத் திருப்பித் தர நூலகத்துக்குப் போனான். மான்சா பையை வாங்கித் தகரப் பெட்டியைத் திறந்தாள். பெட்டி காலியாக இருந்தது. பேனாக்களை அதில் போட்டாள், மூடி பாதிதான் மூடியது.

"போய்ட்டு வாங்கண்ணே. அச்சகத்துல வேலை இருக்கும்."

"இருக்கு. அடுத்த வாரம் ஒரு கல்யாணம்." குவேக்கு சட்டைப் பையிலிருந்து பழைய கல்யாண அழைப்பு ஒன்றை எடுத்தான். அதிலும் ஒரு கவிதை இருந்தது, கவிதைக்குக் கீழே ஒரு சின்னக் கோடும் இருந்தது.

மான்சா ஒரு சீட்டை நீட்டினாள். அவன் ஓரமாகப் போய் நின்று, கேட்டவர் என்ற இடத்தில் தன் பெயரைத் தன் கையால் எழுதினான். திரும்பி வந்தபோது மேசைக்கு முன்னால் ஆட்கள் சேர்ந்திருந்தார்கள். இரண்டு மாணவிகள், ஒரு போலீஸ்காரர், கூடையோடு ஒரு மீன்காரி.

குவேக்கு மீன்காரிக்குப் பின்னால் போய் நின்றான்.